வாகனத்தின் வாகனம்

சக்கரங்களின் மேல் ஒரு வீட்டைக் கட்டி, அதில் கட்டிலும் அடுப்பும் நீர்த்தொட்டியும் வைத்து, மனம் போன திசையில் அதை ஓட்டிக்கொண்டு போகிறவனைப்போல் சுதந்திரமானவன் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு, அந்த அபிப்பிராயம் எவ்வளவு அரைகுறையானது என்பதை, அரிஸோனா மாநிலத்துக் குவார்ட்ஸைட் என்னும் பாலைவன ஊருக்கு வெளியே, ஒரு ஜனவரி மாதத்துக் காலையில், பால் தீர்ந்துபோனதால் காப்பிக்கு வழியின்றி நின்ற என் மனைவிதான் உணர்த்தினாள்.

மோட்டார் ஹோம் என்னும் அந்த வண்டி ஓடும்போது வாகனம், நின்றால் வீடு. முந்தின நாள் மாலைதான் ஒரு சமதரையைத் தேடிப் பிடித்து அதை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து மட்டம் பார்த்து, பக்கச் சுவரிலிருந்து வெளியே நகரும் அறையை நகர்த்தி, வெயிலுக்குச் சாய்ப்புத் துணியை இழுத்துக் கட்டி, ஓட்டத்தில் உருளாதபடி பூட்டிவைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் பரப்பியிருந்தோம். கடை ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே போவதென்றால் செய்த அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைத்து, ஆறரை டன் பாரத்தைச் சரளைத் தரையிலிருந்து கிளப்பி, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது என்னும் அந்த யந்திரத்தை உருட்டிக்கொண்டு போய், கடை வாசலில் அதற்கு ஓர் இடமும் தேடவேண்டும். “ஒரு படிப் பாலுக்கு வீட்டையே தூக்கிக்கிட்டுப் போகணுமாங்க?” என்று அவள் கேட்டாள். எட்டு மாத காலம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு விசாரம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

அன்று பால் இல்லாத காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பழைய சென்னைக் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. செயற்கைத் துறைமுகம் எழும்பும் வரையில் அந்தப் பட்டணத்துக்குக் கப்பல் அணையும் துறை என்று ஒன்று கிடையாது. உலகத்தையே சுற்றி வந்த கப்பல்களெல்லாம் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அலை மடியும் எல்லைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்றுவிடும். ஆளும் சரக்கும் கரை சேர்ந்ததெல்லாம் மசூலா என்னும் படகினால்தான். அந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றினால் தைத்துக் கட்டியிருப்பார்கள். அலை அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும் இடத்தில் இது நெகிழ்ந்து கொடுக்கும். சமுத்திரங்களைக் கடந்த கப்பல் கடைசிச் சிறு தூரத்தைக் கடக்க ஒரு தையல் படகின் தயவை எதிர்பார்த்து நின்றது என்பதை நான் சரித்திரப் பாடமாகப் படித்ததுண்டு. ஆனால் என் மோட்டார் ஹோமின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில்தான் அது எனக்கு விளங்கிற்று. பெரியது பெருந்தூரத்துக்குத்தான் உதவும். சமீபத்தில் உள்ளதை அடையச் சிறியது ஒன்று வேண்டும்.

அக்கம்பக்கத்தார் இந்தத் தேவையை வெவ்வேறு விதமாகத் தீர்த்துவைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தப் பாலைவனம் ஒரு தற்காலிக நகரமாகிவிடுகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில் மாதக்கணக்காகத் தங்குவதற்கென்றே ஊரை ஒட்டிய அரசாங்கப் பொதுநிலத்தில் பரந்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிலர் பின்னால் ஒரு காரையே கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அது சௌகரியந்தான், ஆனால் நான்கு சக்கரமும் தரையில் உருளக் கட்டி இழுக்கும் காரோடு வண்டியைப் பின்னுக்கு நகர்த்த முடியாது, தவறான சந்தில் நுழைந்துவிட்டால் நடுவீதியில் இறங்கிக் காரைக் கழற்றவேண்டும். சிலர் சைக்கிள் வைத்திருந்தார்கள். ஆற்று மணலில் அவர்கள் அதைத் தள்ளிக்கொண்டு வருவதைத்தான் அதிகமும் பார்த்தேன். மிச்சப்பேர் வண்டியின் முதுகில் ஒரு சிறு மோட்டார் சைக்கிளைக் குறுக்காக நிறுத்தி வாரினால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் வாங்கவும் மலைப்பாதையில் ஏறவும் அது ஒன்றே போதுமாயிருந்தது.

எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தீர்மானித்த மாத்திரத்தில், எந்த மனிதனும் செய்யும் முதல் தவறை நானும் செய்தேன். மோட்டார் சைக்கிளைத் தனியாக நினைத்துப் பார்த்தேன். அதன் குதிரைச் சக்தி, நீண்டு அமுங்கும் முன்கால்கள், ஏறக்கூடிய மேடு, தாண்டக்கூடிய பாறை ஆகியவற்றை எண்ணிப் பரவசப்பட்டேன். சுமக்கப்படும் பொருளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவன் சுமக்கிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. சுமக்கிறவர்களோ இரண்டு பேர்: ஒன்று வண்டி, மற்றொன்று நான்.

முதலில் வண்டியின் கதை. மோட்டார் ஹோமின் பின்சக்கரத்துக்கும் பின்சுவருக்கும் இடையே நெடுந்தூரம் அந்தரத்தில் நீண்டிருக்கிறது. அதற்கும் பின்னால், இழுவைக்காக வைத்த சதுரக் குழாயில் தாங்கியைச் செருகி, அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். ஏற்ற இறக்க விளையாட்டுப் பலகையில் ஒரு பக்கம் கனத்த பிள்ளை நுனிக்குப் போய் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை எழும்புவதுபோலத்தான் இதுவும். அச்சாக நிற்பது பின்சக்கரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 4.8 மீட்டர் இடைவெளி, பின்சக்கரத்திலிருந்து மோட்டார் சைக்கிள் 3.2 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 117 கிலோ மோட்டார் சைக்கிளும் 33 கிலோ இரும்புத் தாங்கியுமாக 150 கிலோ ஏற்றினால், பின் அச்சின்மேல் கூடுவது 150 அல்ல, 250. மிகுதி 100 கிலோவும் முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டுவிடுகிறது. முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங்கும் இலேசாகும். பக்கத்தில் ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது வண்டி அலையும். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பது அச்சிட்டிருக்கிறது. நெடுஞ்சாலையோரத்து லாரித் தங்குமிடங்களில் அச்சு அச்சாக நிறுத்துப் பார்க்கும் எடைமேடையும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, மளிகையை ஏற்றி, நாங்கள் இருவரும் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்த அன்று, என் வண்டியின் பின் அச்சில் மிச்சமிருந்தது சொற்பமே. நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ என்ற, குழந்தையும் அறிந்த உண்மை அன்று எனக்கு ஒரு புதுத் தத்துவம்போல் தோன்றிற்று. நான் ஆசைப்பட்ட பெரிய யந்திரங்கள் அந்த மேடையிலேயே விடைபெற்றுக்கொண்டன.

இரண்டாவது சுமையாளின் கதை இதைக் காட்டிலும் கொஞ்சம் சங்கடமானது. மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் விழுவான். விழாதவன் அந்தப் பாதையில் போகாதவன். விழுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, வேகம் குறைவாகையால் சிராய்ப்போடு போய்விடும். விழுந்ததை நிமிர்த்துவதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து வண்டிக்காரர், எழுபதைத் தாண்டிய கிழவர், தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளைத் தாமே மணலில் படுக்கவைத்து அந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். பெட்ரோல் குழாயை மூடி, கியரில் போட்டு, கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து, முதுகை வண்டிக்குக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இடுப்பினால் தள்ளிக்கொண்டே கால்களால் பின்னுக்கு நடந்து எழும்பவேண்டும். கையால் தூக்கப் பார்த்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவான். நான் தூக்கிவிட்டேன். கர்வத்தோடு அவரைப் பார்த்தேன். அவர் மறுபடியும் அதைப் படுக்கவைத்தார். இரண்டாவது தடவையும் தூக்கினேன். மூன்றாவது தடவை அவர் படுக்கவைத்தபோது வண்டி பாதியில் நின்றது. என் கால்கள் நடுங்கின. “முதல் தடவை எல்லாரும் தூக்கிவிடுவார்கள். காட்டில் மூன்றாவது தடவையும் வரும், அப்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்” என்றார் அவர்.

மோட்டார் சைக்கிள்களின் விவரப் பட்டியல்களை நான் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆசனத்தின் உயரம் 88 சென்டிமீட்டர் என்று ஒன்றிலும் 79 சென்டிமீட்டர் என்று இன்னொன்றிலும் போட்டிருந்ததை, ஏதோ யந்திரத்தின் ஆகிருதியைப் பற்றிய செய்தி என்று வாசித்து நகர்ந்திருக்கிறேன். அது என் காலைப் பற்றிய செய்தி என்பது அந்த மணலில்தான் தெரிந்தது. சரிவில் நின்றுவிட்ட வண்டியில் இரண்டு பாதமும் தரையில் பதிந்தால் ஓட்டுகிறவன் தப்பினான். ஒரு கால் நுனிவிரலில் தொங்கினால் அவன் விழப்போகிறான் என்பதில் சந்தேகமில்லை. யௌவனத்தில் உயரமாகவும் கனமாகவும் இருப்பது வீரத்தின் அடையாளமாகத் தோன்றுகிறது. அறுபதுக்கு மேல் தாழ்வும் லகுவுமே பெரிய குணங்கள் என்று முழங்கால்கள் எடுத்துச் சொல்கின்றன.

லகுவே பிரதானம் என்றால் அறுபது கிலோவுக்குச் சற்று முன்பின்னாக மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வண்டிகளும், பாறை ஏறும் பந்தயத்துக்கென்று ஆசனமே இல்லாமல் செய்த வண்டிகளும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சட்டம் குறுக்கே நின்றது. காட்டுக்கென்றே செய்த அத்தகைய வண்டிகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போது சாலைக்குரிய பதிவோடு வருவதில்லை. முகவிளக்கும் பிரேக் விளக்கும் கண்ணாடியும் ஹாரனும் எண் பலகையும் உள்ள வண்டி பால் கடைக்கும் போகலாம், மலைக்கும் போகலாம். அவை இல்லாத வண்டி இரண்டுக்கும் இடையிலுள்ள தார்ச்சாலையைத் தொடக்கூடாது. இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், பீடபூமியின் விளிம்புக்குக் கீழே பாறைத் திண்ணையின் ஓரமாகவே வளைந்து செல்லும் 160 கிலோமீட்டர் மண்பாதை ஒன்று இருக்கிறது. 1950களில் யுரேனியம் தேடுகிறவர்களுக்காக அணுசக்தி ஆணையம் போட்ட அந்த ஒயிட் ரிம் பாதையில் தாரின் வாடைகூடக் கிடையாது. ஆயினும் அனுமதிச் சீட்டோடு அங்கே போக விரும்பும் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைப் பதிவு இருந்தாகவேண்டும். காட்டுக்கென்றே செய்த நாலு சக்கர வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. ஊருக்குரிய ஒழுங்கை உடம்பில் தரித்துக்கொண்டவனுக்கே காட்டின் கதவு திறக்கிறது என்ற அந்த ஏற்பாட்டில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இப்படி வண்டியின் அச்சு ஒரு பக்கமும் என் முதுகு ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமுமாக நெருக்கிய பிறகு எஞ்சி நின்ற சில யந்திரங்களில், ஒன்றின் வம்சாவளி என்னை மிகவும் கவர்ந்தது. 1958-ல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை உருவாக்கும்போது, நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மற்றொரு கையால் ஓட்டக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்று அந்நிறுவனத்தின் வியாபாரப் பங்காளியான புஜிஸாவா விரும்பினாராம். அதனால் அதற்குக் கிளட்ச் பிடியே கிடையாது. காலால் கியரைத் தட்டினால் கிளட்ச் தானே விலகித் தானே சேர்ந்துகொள்ளும். அந்த வண்டி அமெரிக்கா வந்தபோது, ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் ஹெர்ப் ஊல் என்ற வியாபாரி அதன் பின்னால் பெரிய பல்சக்கரத்தைப் பொருத்தி, முண்டு டயர் போட்டு, மலையேறும் வேட்டைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார். மற்றெங்கும் விற்காத அளவுக்கு அந்த ஊரில் விற்பனை நடப்பதைக் கண்டு காரணம் விசாரித்த அமெரிக்க ஹோண்டா கிளையினர் விஷயத்தை ஜப்பானுக்குத் தெரிவிக்க, 1961-ல் ட்ரெயில் 50 என்ற வண்டி தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதன் வழியில் வந்த ட்ரெயில் 90, என் பக்கத்து வண்டிக்காரர் மணலில் படுக்கவைத்தாரே, அதுதான்.

அந்த ட்ரெயில் 90-ன் எடை ஏறக்குறைய 85 கிலோ. அதன் பிற்கால வார்ப்புகளில் ஒரு சிறு நெம்பைத் தளர்த்தினால் கைப்பிடி முழுவதும் கால்வட்டம் திரும்பி, வண்டியின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வண்டியில் ஏற்றிச் செல்லும்போதும் நிறுத்திவைக்கும்போதும் அது துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தான் ஓடுவதற்காக மாத்திரம் அல்லாமல், தன்னை இன்னொன்று சுமக்கப்போகிறது என்பதையும் நினைத்துப் படைக்கப்பட்ட யந்திரம் அது. சுமக்கிறவனிடத்தில் இவ்வளவு மரியாதை காட்டும் வேறு வாகனத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளையாரின் மூஞ்சூறு பெரிய உடம்பைத் தாங்குகிறது; இது பெரிய உடம்பு தன்னைத் தாங்கும்படி தன்னை ஒடுக்கிக்கொள்கிறது.

ஆனால் நாற்பது ஐம்பது வருஷத்துப் பழைய வண்டியை நம்பிப் பாலைவனத்தில் இறங்க எனக்குத் தைரியம் போதவில்லை. அமெரிக்காவில் 1986-க்குப் பின் அற்றுப்போயிருந்த அந்த வம்சம் 2021-ஆம் வருஷ மாடலாக ட்ரெயில் 125 என்ற பெயரில் திரும்பி வந்திருந்தது. எடை 117 கிலோ. கிளட்ச் பிடி இப்போதும் இல்லை. எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது. அதற்கு நேர் எதிரியாக நின்றது யமஹாவின் டி.டபிள்யூ. 200. 1987-லிருந்து பெரிய மாற்றமின்றிச் செய்யப்பட்டுவரும் அந்த வண்டிக்கு எருமைக் குளம்பைப்போல் அகன்ற டயர்கள். மற்ற வண்டிகள் புதைந்து தவிக்கும் ஆற்றுமணலில் அது அலட்டிக்கொள்ளாமல் போகும். எடை 126 கிலோ, ஆசனம் 79 சென்டிமீட்டர், வயிறு தரையிலிருந்து ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரத்தில். ட்ரெயில் 125-ன் வயிறோ பதினாறரைதான்; பாறையில் உரசும். யமஹாவின் எக்ஸ்.டி. 250 இன்னும் ஆறு கிலோ கனம். ஆனால் நெடுஞ்சாலையில் அது தடுமாறாது, மலைமேலும் மூச்சுத் திணறாது.

மூச்சு என்று சொன்னது உபசாரத்துக்கு அல்ல. கொலராடோவில் ஊரே என்னும் சிற்றூருக்கு மேலே இமோஜீன் கணவாய் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளிக்கென்று திருத்திய கார்புரேட்டர் மெலிந்த காற்றோடு அதே பெட்ரோலைக் கலந்து ஊட்ட, எஞ்சின் புகைந்து இருமும். கம்ப்யூட்டர் அளக்கும் வண்டி அளவைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதுவும் உண்டாக்க முடியாது. சிறிய எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் என்ன என்பதை ஏறுகிறவன் யோசித்துக்கொள்ளவேண்டும்.

இந்தத் தராசு எந்தப் பக்கமும் சாயாமல் நின்றபோது, குவார்ட்ஸைட் மயானத்தில் உள்ள ஒரு சமாதி எனக்கு உதவிற்று. கல்லால் கட்டிய ஒரு சிறு பிரமிடு. உச்சியில் தகட்டினால் செய்த ஒட்டகம். சிரியாப் பக்கத்திலிருந்து வந்தவரும், ஹாஜி அலி என்ற பெயர் அந்த ஊர் வாயில் ‘ஹை ஜாலி’ ஆகி, 1902-ல் அங்கேயே இறந்தவருமான ஓர் ஒட்டகக்காரரின் ஞாபகச் சின்னம் அது. தென்மேற்குப் பாலைவனத்தில் பட்டாளத்துக்குச் சுமை தூக்குவதற்காக 1850களில் அமெரிக்க அரசாங்கம் ஒட்டகங்களைக் கப்பலில் வரவழைத்தது. அவை குறையற்ற மிருகங்கள்: கோவேறு கழுதையைக் காட்டிலும் அதிகம் சுமந்தன, தண்ணீர் கேட்கவில்லை, பாலைவனத்து முட்செடியைத் தின்று ஜீவித்தன. ஆனால் குதிரைகள் அவற்றைக் கண்டு மிரண்டன. கழுதைகளைப் பழக்கிய சிப்பாய்களுக்கு ஒட்டகங்களின் சுபாவம் பிடிபடவில்லை. உள்நாட்டு யுத்தமும் வந்து சேரவே, கடைசியில் அவற்றை ஏலம் போட்டார்கள். பரீட்சைத் தாளில் முதல் மார்க்கு வாங்கிய மிருகம், யாரோடு வாழவேண்டுமோ அவர்களோடு வாழமுடியாமல் தோற்றது. பட்டியலில் எது சிறந்தது என்ற கேள்வியை நான் அங்கேயே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எது வாழும் என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த காலத்தில் என் மனைவி டி.வி.எஸ். 50 ஓட்டினவள், கிளட்ச் என்பதை அவள் ஆயுளில் தொட்டதில்லை. யமஹாவை வாங்கினால் அது என் வண்டி. பால் தீர்ந்தால் போகிறவன் நான் ஒருவனே. எனக்குக் காய்ச்சல் வந்தால் வீடு மறுபடியும் நங்கூரம் பாய்ச்சிய கப்பல்தான். ட்ரெயில் 125-ஐ வாங்கினால் அது எங்கள் வண்டி. மணலில் அது கொஞ்சம் தத்தளிக்கும், பாறையில் கொஞ்சம் உரசும், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது, இமோஜீன் கணவாயை நான் இந்த ஜன்மத்தில் அதில் தாண்டப்போவதில்லை. இவை எல்லாவற்றையும் தெரிந்தே செப்டம்பர் மாதத்தில் அதை வாங்கினேன். வாங்கிய மறுநாள் பால் வாங்கப் போனவள் அவள். நான் மோட்டார் ஹோமின் எண் பலகையை மறைபடாமல் தாங்கியில் எங்கே மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு இப்படி ஒன்றை வாங்க நினைக்கிறவர்களுக்கு, எந்த வண்டி நல்லது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் அச்சும் உங்கள் முதுகும் உங்கள் வீட்டாரும் என்னுடையவர்கள் அல்ல. ஒன்று மட்டும் செய்யுங்கள். கடைக்குப் போகுமுன் எடைமேடைக்குப் போங்கள். பிறகு, அந்த வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கிற யாராவது ஒரு நல்ல மனிதரைத் தேடிப் பிடித்து, அவருடைய அனுமதியோடு அதை மணலில் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள். மூன்றாவது தடவையும் தூக்க முடிந்தால் வாங்குங்கள்.